ஏழு பின் பூட்டு

என் அக்காவுக்குத் திறக்கத் தெரியாத பூட்டு இந்த ஊரில் இல்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன்.

அப்பா சாவிக் கடை வைத்திருக்கிறார். மார்க்கெட் தெருமுனையில், இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் மழையில் நிற்க வேண்டிய அளவுக் கடை. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் உட்கார ஆரம்பித்த அக்காவுக்கு இப்போது முப்பத்தொரு வயது. சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் அப்பாவைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "அவங்க இல்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். அவளுக்கு இரண்டு கம்பி போதும். ஒன்றால் பூட்டை லேசாகத் திருகிப் பிடித்துக்கொள்வாள். இன்னொன்றால் உள்ளே வரிசையாக இருக்கும் குட்டிக் குட்டி உலோகப் பின்களை ஒவ்வொன்றாகத் தூக்குவாள். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஒருபக்கம் சாய்ப்பாள். அவ்வளவுதான், பூட்டு வாயைப் பிளந்துவிடும்.

இப்படிப்பட்டவள் இருக்கிற வீட்டில் என் படுக்கையறைக் கதவைப் பற்றிக் கேட்கவா வேண்டும்? நான் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் இன்ஸ்பெக்டர். கதவுக்கு வெளியே நடையில் வரும்போதே பேச்சைத் தொடங்கிவிடுவாள். கதவு திறக்கும்போது வாக்கியத்தில் பாதி முடிந்திருக்கும். கத்தரிக்கோலைத் தேடுகிறேன் என்று மேஜை இழுப்பறையைத் திறப்பாள், அதில் இருக்கிற காகிதத்தையெல்லாம் படிப்பாள், கத்தரிக்கோலை மறந்துவிட்டுப் போவாள். ஒருமுறை நான் தூங்கிக்கொண்டிருக்கும்போதே தலையைத் தூக்கி, தலையணை உறையை மாற்றி, தலையைத் திரும்ப வைத்துவிட்டுப் போனாள். அழுக்காக இருந்ததாம்.

இதையெல்லாம்கூடச் சிரித்துக்கொண்டே பொறுத்திருப்பேன், எனக்குத் திக்குவாய் இல்லாமல் இருந்திருந்தால்.

பள்ளியில் எனக்குக் கிக்கர் என்று பட்டப்பெயர். உதைத்தால்தான் வண்டி கிளம்பும் என்று அர்த்தம். எல்லா எழுத்தும் என்னைப் படுத்துவதில்லை. 'த' வரிசைதான் ஜென்ம விரோதி. ஓட்டலில் தண்ணீர் கேட்க வராமல் காபி சொல்லிக் குடித்த நாட்கள் ஏராளம். இந்தக் குறைக்கு வீட்டில் கண்டுபிடித்த மருந்து அக்கா. நான் வாயைத் திறந்ததும் பக்கத்திலிருந்து, "அவன் என்ன சொல்ல வர்றான்னா..." என்று ஆரம்பித்துவிடுவாள். டாக்டரிடம், முடி வெட்டுகிறவரிடம், போஸ்ட் ஆபீசில், எங்கும் என் வயிற்றுவலியையும் என் விருப்பத்தையும் அவள்தான் சொன்னாள். பத்துக்கு எட்டு சரியாகவே சொல்வாள். மீதி இரண்டையும் நான் மறுத்துப் பேசாமல் ஏற்றுக்கொண்டுவிடுவேன். மறுக்க வேண்டுமென்றால் அதற்கும் பேச வேண்டுமே.

எனக்கு இருபத்தாறு வயது. எடை மெஷின் ரிப்பேர் பட்டறையில் வேலை. கடைத் தராசிலிருந்து ஆஸ்பத்திரியில் குழந்தை எடை பார்க்கிற மெஷின், தெர்மாமீட்டர் வரை பிரித்துச் சரிபண்ணுவேன். மெஷின்களோடு பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அங்கே நல்ல பெயர். ஆனால் பட்டறை மூடப் போகிறது, முதலாளியே சொல்லிவிட்டார். அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிற ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்து, எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டேன். அப்புறம்தான் அந்தக் கடிதம் வந்தது. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தலைமைப் பொறியாளர் தொலைபேசியில் அழைப்பார், அரை மணி நேரம் கேள்வி கேட்பார். நேரில் என்றாலாவது கையைக் காலை ஆட்டிச் சமாளிக்கலாம். தொலைபேசியில் என்னிடம் குரலைத் தவிர ஒன்றும் கிடையாது.

பட்டறையில் சாணை மெஷின் இரைச்சலில் எதுவும் கேட்காது. வீட்டிலோ என் அறை ஜன்னலோரம் தவிர வேறெங்கும் போன் சிக்னல் நிற்காது. ஆக, அந்த அரை மணி நேரம் என் அறை எனக்கு மட்டும் வேண்டும். அக்காவுக்குத் தெரிந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். முதல் திக்கலிலேயே போனைப் பிடுங்கி, "அவன் என்ன சொல்ல வர்றான்னா" என்று தொடங்கிவிடுவாள். அதோடு வேலை போயே போச்சு. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

மூன்று வாரம் இருந்தது. தினமும் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்று பழகினேன். ஒரே ஒரு விரதம்தான். வராத வார்த்தையை மாற்றக் கூடாது, தண்ணீருக்குக் காபி சொல்லக் கூடாது. நான்காம் நாள் "த... த..." என்று முகத்தைக் கோணிக்கொண்டு நின்றபோது கதவு திறந்தது.

"தராசு," என்றாள் அக்கா. "தராசு தானே? எதுக்குடா கண்ணாடிகிட்ட போய் தராசு கேக்கற?"

வார்த்தையை வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று முழுக்க அது எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

மறுநாளே ஒரு தாழ்ப்பாள் வாங்கி மாட்டினேன். அதற்கடுத்த நாள் பட்டறையிலிருந்து வந்து பார்த்தால் தாழ்ப்பாளும் நான்கு திருகாணிகளும் என் மேஜைமேல் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

"கோணலா மாட்டியிருந்த. கதவைக் கீறுது," என்றாள் அக்கா. "ஆமா, உனக்கு எதுக்குத் தாழ்ப்பாள்? அப்படி என்ன ரகசியம்? லவ்வா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"சிகரெட்டா?"

அதற்கும் தலையாட்டினேன். அப்பா பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல், "சாவிக்காரன் வீட்ல உள்ரூமுக்குப் பூட்டா? கடைக்கு வர்றவன் சிரிப்பான்," என்றார். அம்மா ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கும் கவுண்டரில் எட்டு மணி நேரம் எல்லார் பஞ்சாயத்தையும் கேட்டுவிட்டு வருகிறவள். எங்கள் பஞ்சாயத்துக்கு அவளிடம் காது மிச்சமில்லை.

தாழ்ப்பாளை நான் இல்லாதபோது கழற்றலாம். கதவுக்குள்ளேயே பொருந்துகிற பூட்டு என்றால், பூட்டிவிட்டுப் போனால் திருகாணியை எவராலும் தொட முடியாது. என் கதவில் பழைய பூட்டு இருந்த ஓட்டை சும்மாதான் கிடந்தது. ஆனால் மார்க்கெட்டில் பூட்டு வாங்கினால் நான் வீடு வந்து சேர்வதற்குள் அப்பாவுக்குச் செய்தி போய்விடும். இரண்டு பஸ் மாறிப் போய் ஒரு பெரிய கடையில், இருப்பதிலேயே ஒசந்ததாக ஒன்று வாங்கினேன். சாதாரணப் பூட்டில் ஐந்து பின் இருக்கும், இதில் ஏழு.

"சாவிக்காரனே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது சார்," என்றார் கடைக்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து பின்னுக்கு அக்கா நான்கு நிமிடம் எடுப்பாள், இது எப்படியும் அரை மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். எனக்குத் தேவையும் அரை மணி நேரம்தான்.

வெள்ளிக்கிழமை மாலை, அப்பாவும் அக்காவும் கடையில் இருந்த நேரம் பார்த்து மாட்டினேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அக்கா கண்டுபிடித்துவிட்டாள். குனிந்து, விரலால் தடவி, சாவித் துளைக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"ஏழு பின்னா? நல்ல சரக்குடா. எங்க வாங்கின?" என்றாள். பிறகு நிமிர்ந்தாள். முகத்தில் இருந்த தொழில் சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "வீட்ல நாலு பேரு இருக்கோம். நீ யாருகிட்டேர்ந்து பூட்டிக்கற?"

நான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

"என்கிட்டேர்ந்துதான்," என்று அதையும் அவளே முடித்துவிட்டுப் போனாள்.

அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஒருபக்கம் குற்ற உணர்ச்சி, ஒருபக்கம் பயம். பயம்தான் ஜெயித்தது.

சனிக்கிழமை ஒன்பதரைக்கெல்லாம் வீடு காலி. அப்பாவும் அக்காவும் கடைக்கு, அம்மா ஆஸ்பத்திரிக்கு. நான் பட்டறைக்கு லீவு போட்டிருந்தது யாருக்கும் தெரியாது. பத்தே முக்காலுக்குக் கதவைப் பூட்டினேன். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, போனைக் காதில் வைத்துப் பார்த்து, திரும்ப எடுத்து, நான்கு தரம் கை துடைத்தேன்.

சரியாகப் பதினொன்றுக்கு அழைப்பு வந்தது. மீட்டரைப் பார்த்து எண் வாசிப்பதுபோல் ஏற்ற இறக்கமில்லாத ஒரு பெண் குரல், தலைமைப் பொறியாளர்தான். என் பெயரைச் சொல்லவே நேரம் பிடித்தது. அந்த அம்மா குறுக்கே வரவில்லை. முடித்ததும், "ம். இப்ப என்ன வேலை பார்க்கறீங்க?" என்றார். இரண்டாவது கேள்வி, மூன்றாவது கேள்வி. நடுநடுவே சிக்கினாலும் பதில் நகர்ந்தது. அட, பரவாயில்லையே என்று மனசு லேசாக எட்டிப் பார்த்த நேரத்தில் வாசல் கதவுச் சத்தம் கேட்டது.

அக்காவின் செருப்பு. கடைக்கு ஏதோ மறந்துவிட்டு எடுக்க வந்திருக்கிறாள். நான் குரலைத் தாழ்த்தினேன். குரலைத் தாழ்த்தினால் எனக்கு இன்னும் அதிகமாகத் திக்கும். மறந்தே போயிருந்தேன்.

"ஆஸ்பத்திரிக் கருவிகள்ல என்ன அனுபவம்?"

"த... த..." தெர்மாமீட்டர் என்று சொல்ல வந்தேன்.

நடையில் செருப்பு நின்றது. "தம்பி? உள்ளயா இருக்க? வேலைக்குப் போகல?"

"த..."

"தண்ணி வேணுமா?" கைப்பிடி திரும்பியது. கதவு அசையவில்லை. "தலை சுத்துதா? டேய், கதவைத் திற."

இரண்டு பேரும் என்னிடம் ஒரே நேரத்தில் பதில் கேட்டார்கள், எனக்கு இருப்பது ஒரு வாய், அதுவும் மக்கர் பண்ணுகிற வாய். "தெர்மாமீட்டர்" என்று ஒருவழியாகத் தள்ளினேன். அந்த அம்மா எதுவும் கேட்காததுபோல் அடுத்த கேள்விக்குப் போனார்.

வெளியே அக்கா விடவில்லை. "யாருகிட்டடா பேசற? யாராவது மிரட்டறாங்களா? மூணு வாரமா நீ சரியில்ல, எனக்குத் தெரியாதா?" போனைப் பொத்திக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு ஒரு நிமிடம் ஆகலாம், அதற்குள் போனில் இருப்பவர் என்ன நினைப்பார்? யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் வந்தது. பூட்டுக்குள் கம்பி நுழையும் சத்தம். தொட்டிலில் இருந்தே கேட்டு வளர்ந்தவன், எனக்குத் தெரியாதா?

அப்போதுதான் என் முட்டாள்தனம் உறைத்தது. இந்த மாதிரிப் பூட்டில், உள்பக்கத் துளையில் சாவியைச் செருகி லேசாகத் திருப்பி விட்டுவிட்டால் போதும். வெளியே எந்தக் கம்பியும் வேலை செய்யாது. சின்னக் குழந்தைகூடச் சாவியை அப்படியே விட்டிருக்கும். ஆனால் "சாவியைப் பூட்டுலயே விட்டா அது பூட்டே இல்ல" என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அப்பா பாடம் எடுப்பதைக் கேட்டே வளர்ந்த கை, பூட்டியதும் தானாக உருவிவிட்டது. பூட்டுக்கார வீட்டுப் பிள்ளையைத் தவிர வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

சாவி பையில் இருந்தது, கதவு எட்டடி தூரத்தில் இருந்தது. ஜன்னலை விட்டு இரண்டடி நகர்ந்தால் சிக்னல் போய்விடும்.

டிக். முதல் பின் ஏறிவிட்டது.

அடுத்த பத்து நிமிடம் நான் என்ன பேசினேன் என்று சத்தியமாக எனக்கு ஒழுங்காக ஞாபகமில்லை. வாய் ஒருபக்கம் பதில் சொன்னது, காது பின்களை எண்ணியது. நான்காவது பின்னில் வழுக்கினாள், எல்லாம் கீழே விழுந்தது. கடவுளே என்று மூச்சு விட்டேன். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள், இந்தத் தடவை வேகமாக. அவளுக்கு வழி பிடிபட்டுவிட்டது. அரை மணி நேரம் என்று கணக்குப் போட்டேனே, அது பூட்டைப் பார்த்துப் போட்ட கணக்கு. அக்காவைப் பார்த்துப் போட்டிருக்க வேண்டும்.

"கடைசிக் கேள்வி," என்றது போன். "ஒரே எடையை ரெண்டு தடவை வைக்கறீங்க. மெஷின் ரெண்டு வேற வேற எண் காட்டுது. முதல்ல எதைப் பார்ப்பீங்க?"

எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயங்களில் அது ஒன்று. மெஷினைத் தொடக் கூடாது. முதலில் தரையைப் பார்க்க வேண்டும். தரை சமமாக இல்லாவிட்டால் எந்தத் தராசும் பொய்தான் சொல்லும்.

"த..."

டிக். ஐந்து.

"த..."

ஆறு. தாடை பூட்டிக்கொண்டது. சத்தம்கூட வரவில்லை. காற்றுகூட வரவில்லை. ஃப்ளோர் என்று மாற்றிச் சொல்லிவிட்டுத் தப்பித்துவிடு என்று மண்டைக்குள் ஒருவன் கத்தினான்.

ஏழு. கதவு திறந்தது.

அக்கா நின்றாள். கையில் இரண்டு கம்பி, நெற்றியெல்லாம் வியர்வை. என்னையும், என் கோணிய வாயையும், போனையும் பார்த்தாள். ஒரே பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் கை நீண்டது. போனை அவளை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் ஒளித்து வைத்து, தாழ்ப்பாள் போட்டு, ஊர் தாண்டிப் போய்ப் பூட்டு வாங்கி, யாரை வெளியே நிறுத்தினேனோ அவளிடமே என் கை கொண்டுபோய்க் கொடுத்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானே நீட்டினேன்.

அவள் கம்பிகளை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வாங்க வந்தாள். அவள் உதடு "அவன்" என்று குவிந்ததைப் பார்த்தேன்.

"யாரு உன்னை உள்ள வரச் சொன்னா? வெளிய போ!"

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு கத்தியது நான்தான். ஒரு எழுத்துகூடத் திக்கவில்லை. கண்ணாடி முன் மூன்று வாரம் நின்று கிடைக்காத வாக்கியம், முழுசாக, கூர்மையாக வந்து விழுந்தது. அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு திரும்பிப் போனாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

போனைத் திரும்பக் காதில் வைத்தேன். "என்னையா சொன்னீங்க?"

"இ... இல்ல மேடம். எங்க அக்கா."

"கதவைப் பூட்டிட்டு உக்காந்திருக்கலாமே."

"பூ... பூட்டிட்டுதான் மேடம் உக்காந்தேன். அவங்க பூட்டுத் திறக்கறவங்க."

அந்த அம்மா சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. "சரி. கேள்வி ஞாபகம் இருக்கா? அவசரமில்ல. நான் இருக்கேன்," என்றார்.

கண்ணை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் ஆனதென்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் யாரோ வாளியில் தண்ணீர் பிடித்து, அது நிரம்பி, குழாயை மூடினார்கள். அவ்வளவு நேரம். "தரையை," என்றேன். "தரை சமமா இருக்கான்னு பார்ப்பேன்."

"மத்த எல்லாரும் மெஷினைப் பிரிப்பேன்னாங்க," என்றார். "திங்கக்கிழமை ஒன்பது மணிக்குச் சான்றிதழ்களோட நேர்ல வாங்க."

போனை வைத்தபோது சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது. ஆனால் கதவைத் திறக்கத்தான் கை கூசியது. அக்கா சமையலறையில், கம்பிகளை மேஜைமேல் வைத்துவிட்டு, ஸ்பிரிங் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை எடுக்கத்தான் வந்திருக்கிறாள்.

"நல்லாப் பேசின," என்றாள்.

"எ... எது?"

"என்னை வெளிய போன்னு சொன்னியே. ஒரு தடவைகூடத் திக்கல." டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "மூணு வாரமா பிராக்டிஸ் பண்ணினது அதுக்குத்தானா?"

இல்லை என்று சொல்வதற்குள் அவள் தெருவுக்குப் போய்விட்டாள். பின்னாலேயே ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

திங்கட்கிழமை போனேன். ஆறு மாதத் தற்காலிக வேலை, பிறகு பார்ப்போம் என்றார்கள். அம்மா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். அப்பா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அக்கா, "நல்லது," என்றாள், அத்தோடு சரி. அவள் என் அறைப் பக்கம் வரவேயில்லை. கத்தரிக்கோல் வேண்டுமென்றால் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாள். என் துணி நடையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான் பூட்டுவதையே விட்டுவிட்டேன், கதவை வெறுமனே சாத்தி வைத்தேன். மாலையில் உள்ளே உட்கார்ந்துகொண்டு நடையில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பேன். கேட்கும், என் கதவைத் தாண்டிப் போய்விடும். முன்பு வருவாளோ என்று பயம். இப்போது வரவே மாட்டாளோ என்று பயம். இரண்டில் எது பெரியது என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம், விளக்குப் போடும் நேரம், கதவில் இரண்டு தட்டு விழுந்தது. மெதுவாக, விரல் மூட்டால்.

எங்கள் வீட்டில் உள்கதவை இதுவரை யாரும் தட்டியதில்லை. வா என்று ஓரெழுத்தில் முடித்திருக்கலாம், எனக்கு அது சுலபம். ஆனால் நான் சொல்ல நினைத்தது அது இல்லை.

"தி..." என்றேன். நின்றுவிட்டது. "தி... தி..."

கதவுக்கும் தரைக்கும் இடையே அவள் பாத நிழல் தெரிந்தது. மிச்ச வார்த்தை என்னவென்று அவளுக்குத் தெரியும். எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். நிழல் அசையவில்லை, வெளியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நான் மூச்சை விட்டு, மறுபடி இழுத்து, மறுபடி தொடங்கினேன்.

"திறந்துதான் இருக்கு," என்று நான் முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் கைப்பிடி திரும்பியது.